இரவு ரிலேக்கு எடுத்த வேன்: ஓடியது பதினைந்து கிலோமீட்டர், உட்கார்ந்தது ஒன்பது மணி நேரம்

வேன் வாடகை 7,500 ரூபாய், டிரைவர் பேட்டா 800. ஆறு பேர் பங்கு போட்டால் தலைக்கு 1,383 சொச்சம். வாத்தியார் மட்டும் 1,300 கொடுத்துவிட்டு, "மிச்சத்தை டீயில கழிச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டார். அந்த டீயை வாங்கிக் கொடுத்ததும் நான்தான்.

மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை ராத்திரி தேவிபட்டினத்தில் தொடங்கி, ஞாயிறு காலை அரிச்சல்முனையில் முடிகிற ரிலே ஓட்டம். சுமார் 90 கிலோமீட்டர். டீமுக்கு ஆறு பேர். தூரத்தைப் பன்னிரண்டு துண்டாகப் போட்டிருந்தார்கள். ஆளுக்கு இரண்டு துண்டு, துண்டுக்கு ஏழரை கிலோமீட்டர். நடத்தியவர்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், முதலில் வேன். ஏனென்றால் வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் ஓடியது மொத்தம் ஒன்றேமுக்கால் மணி நேரம். வேனுக்குள் இருந்தது ஒன்பது மணி நேரத்துக்குக் குறையாது. ஷூ வாங்க மதுரை வரைக்கும் போய் நாலு கடை ஏறி இறங்கியவள், வேனை மட்டும் போனிலேயே பேசி முடித்தேன். அது தப்பு.

நான் ராமநாதபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். பதினாறு வருடமாக நைட் டூட்டி பார்த்த உடம்பு, ராத்திரி முழிப்பதெல்லாம் ஒரு விஷயமா என்ற தைரியத்தில் பெயர் கொடுத்தேன். கூட வேலை பார்க்கிற நர்ஸ் தங்கச்சி, லேப் தம்பி, ஃபார்மசிப் பையன், கீழக்கரையிலிருந்து வருகிற மெடிக்கல் ரெப் பாய், எங்கள் தெரு பி.டி. வாத்தியார் என்று ஆள் சேர்ந்தது. வாத்தியாருக்கு மட்டும்தான் ரிலேயைப் பற்றி ஏதாவது தெரியும். அமெரிக்காவில் ஓரிகான் மாநிலத்தில் ஹூட் மலையில் கிளம்பிக் கடற்கரை வரைக்கும் ஓடுகிற 'ஹூட் டு கோஸ்ட்' 1982-இல் எட்டே டீமோடு தொடங்கியது என்று வேன் ஏறியதும் ஆரம்பித்தார். அங்கே கிட்டத்தட்ட 320 கிலோமீட்டர், டீமுக்குப் பன்னிரண்டு பேர், இரண்டு வேன். ஒரு வேன்காரர்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது மற்ற வேன்காரர்கள் எங்காவது போய்ப் படுத்துக்கொள்ளலாம். எங்களுக்கு வாய்த்தது ஒரே வேன். ஐம்பது நிமிடத்துக்கு ஒருதரம் கதவு திறக்கும், ஒருத்தர் இறங்குவார், ஒருத்தர் வேர்வையோடு ஏறுவார். யார் தூங்குவது?

வேன் பிடித்த கதையைச் சொல்லியாக வேண்டும், அடுத்து எடுக்கப் போகிறவர்களுக்கு உதவும். முதலில் கேட்ட டிராவல்ஸில், "எத்தனை நாளைக்கும்மா?" என்றார்கள். ஒரு ராத்திரி என்றேன். "அப்ப ரெண்டு நாள்." ராத்திரி பன்னிரண்டு தாண்டினால் அவர்கள் புத்தகத்தில் மறுநாள். நாளைக்குக் குறைந்தபட்சம் 250 கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு 22 ரூபாய், ஆக 5,500. இரண்டு நாளுக்கு 11,000. வீட்டிலிருந்து கிளம்பித் திரும்புகிற வரைக்கும் சேர்த்தாலும் எங்கள் ஓட்டம் 180 கிலோமீட்டர்தான். கல்யாணத்துக்கு வேன் எடுத்தவர்களுக்கெல்லாம் இந்தக் கணக்கு தெரிந்திருக்கும். எனக்கு என் கல்யாணத்தில் அப்பா பார்த்துக்கொண்டார். நாலாவது இடத்தில்தான், "பூராத்தையும் ஓடியே போறீங்கன்னா வேன் எதுக்கு?" என்று கேட்டுவிட்டு, சிரித்துவிட்டு, 7,500-க்கு ஒத்துக்கொண்டார் முதலாளி. சீட்டை ஈரமாக்கினால் 500 தனி என்று ஒரு கொக்கியும் போட்டார்.

அந்தக் கொக்கிக்கு நான் வார்டிலிருந்து யோசனை பிடித்தேன். பேஷன்ட் படுக்கையில் விரிக்கிற மெக்கிண்டாஷ் ஷீட், அந்த ரப்பர் விரிப்பு, மெடிக்கல் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். ஆறு சீட்டுக்கும் வெட்டிப் போட்டேன். சீட்டு நனையவில்லை. ஆனால் வேர்த்த உடம்போடு அதில் உட்கார்ந்து எழுந்தால் வருகிற சத்தம் இருக்கிறதே, ஃபார்மசிப் பையன் ராத்திரி முழுக்கச் சிரித்தான். மேலே ஒரு துண்டு விரிக்க வேண்டும் என்று இப்போது தெரிகிறது.

வேன் பன்னிரண்டு சீட்டு. ஆறு பேருக்கு இதற்குக் குறைந்து எடுக்காதீர்கள். ஓடி முடித்தவர் காலை நீட்ட இரண்டு சீட்டு வேண்டும். புஷ்பேக் நன்றாகச் சாய்ந்தது. சார்ஜ் பாயிண்ட் நாலு இருந்தது, ஒன்றில்தான் கரண்டு வந்தது. உள்லைட்டுதான் பெரிய தொந்தரவு. கதவு திறந்தால் பளீரென்று வெள்ளை ட்யூப் எரியும், அதைப் பார்த்துவிட்டு ரோட்டில் இறங்கினால் ஐந்து நிமிடத்துக்குக் கண் ஒன்றும் தெரியாது. நர்ஸ் தங்கச்சி ஓ.டி. பச்சைத் துணியை மடித்து அதன்மேல் பிளாஸ்டர் போட்டு ஒட்டினாள். அதற்கப்புறம் வேனுக்குள் ஆபரேஷன் தியேட்டர் போல ஒரு வெளிச்சம்.

ஏ.சி. அருமையாக வேலை செய்தது, அதனாலேயே கெட்டது. முதல் துண்டு ஓடிவிட்டு லேப் தம்பி தொப்பலாக நனைந்து ஏறி, நேராக ஏ.சி. துளைக்கு நேரே உட்கார்ந்தான். கால் மணி நேரத்தில் கெண்டைக்கால் சதை கல் மாதிரி இறுகிவிட்டது. ஓடியவுடன் உட்காரக் கூடாது, பத்து நிமிடமாவது நடக்க வேண்டும், சட்டையை மாற்ற வேண்டும் என்று பேஷன்டுகளுக்குச் சொல்கிற மாதிரி எல்லாருக்கும் சொல்லி, ஏ.சி.யை அணைத்து ஜன்னலைத் திறக்கச் சொன்னேன். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். அந்தப் பனியே போதும்.

இப்போது டிரைவர். ஐம்பத்தைந்து வயது இருக்கும், உச்சிப்புளிப் பக்கம். பல வருடம் மண்டபத்திலிருந்து கேரளாவுக்கு மீன் வண்டி ஓட்டியவர், பிறகு வேனுக்கு வந்திருக்கிறார். தேவிபட்டினத்தில் நவபாஷாணத்துக்குப் போகிற வழியில் நாங்கள் நெஞ்சில் நம்பர் குத்திக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு அருகில் வந்தார். "என்னத்தா, நடக்கிற வேண்டுதலா, ஓடுற வேண்டுதலா?" பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களுக்குப் பின்னால் வண்டி ஓட்டிப் பழக்கமாம். ஓடுகிற வேண்டுதல் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

அந்தப் பாதயாத்திரைப் பழக்கம்தான் முதலில் வினையானது. எட்டு ஐம்பதுக்கு, ரிலேயில் ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்கிற கைப்பட்டையை வாங்கிக்கொண்டு நான் இரண்டாவது துண்டை ஓட ஆரம்பித்தேன். தேவிபட்டினம் ரோட்டில் பேராவூர் வருவதற்கு முன்னால் இருட்டு கெட்டி. டிரைவர் அண்ணன் அக்கறையாக என் பின்னாலேயே ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். வெளிச்சம் பின்னாலிருந்து வந்ததும் என் நிழலே இருபது அடிக்கு முன்னால் விழுந்தது. கால் வைக்கிற இடமெல்லாம் என் நிழல். அந்த நிழலுக்குள் ஒரு பள்ளம் இருந்தது. வலது கணுக்கால் மடிந்து, நல்ல காலம், விழவில்லை. கையைக் காட்டி நிறுத்தி, "அண்ணே, பின்னாடி வராதீங்க, முன்னாடி போய் நில்லுங்க" என்றேன். "வெளிச்சம் இல்லாட்டி பழனிக்காரங்க திட்டுவாங்களே" என்றார். நூறு பேர் கூட்டமாக நடக்கிறவர்களுக்குப் பின்னால் விளக்கு வேண்டும்தான், பின்னால் வருகிற லாரிக்கு அவர்கள் தெரிய வேண்டும். ஒற்றை ஆள் எதிர்ப்பக்கமாக, வண்டிகளைப் பார்த்தபடி ஓடும்போது கதை வேறு. ஒரே தடவை சொன்னேன். அதற்குப் பிறகு ராத்திரி முழுக்க அவர் முன்னால் போய், கைமாற்றுகிற இடத்தில், ரோட்டை விட்டு இறக்கி வண்டியை நிறுத்தினார்.

இன்னொன்றையும் அந்தப் பள்ளத்தில்தான் கற்றுக்கொண்டேன். நெற்றியில் மாட்டுகிற டார்ச் கண்ணுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் ரோடு மேடு பள்ளம் இல்லாமல் பலகை மாதிரித் தெரியும். அதையே கழற்றி இடுப்பில் கட்டினால், சின்னக் கல்லுக்குக்கூட நிழல் விழுந்து காட்டிக் கொடுக்கும். பூச்சியும் வாய்க்குள் வராது.

ராமநாதபுரம் தாண்டியதும் அவர் ஊர்க்காரர் ஆகிவிட்டார். ஒவ்வொருத்தர் இறங்கும்போதும் கதவுப் பக்கம் வந்து அந்தத் துண்டின் ஜாதகத்தைச் சொல்வார். பெருங்குளத்துக்கு அப்புறம் ரோட்டோரம் மணல், கால் புதையும். வேதாளைப் பக்கம் நாய் இருக்கு, வந்துச்சுன்னா ஓடாதீங்க, நடங்க. "ஓட்டப் பந்தயத்துல நடக்கச் சொல்றாரே" என்று வாத்தியார் முனகினார். நாலு நாய் வந்தபோது முதலில் நடந்தவரும் அவர்தான். மண்டபத்தில் சொன்னதுதான் எனக்கு உசத்தியாகப் பட்டது. "மீன் வண்டியிலேர்ந்து தண்ணி சொட்டிக்கிட்டே போகும். தாரு பரவாயில்ல, வெள்ளக்கோடு வழுக்கும். கோட்டு மேல கால் வைக்காதத்தா." நான் வைக்கவில்லை. ஷூ அடியில் மீன் நாற்றம் மட்டும் இன்னும் போகவில்லை. இந்த ஓட்டத்தை மீன்பிடித் தடைக்காலத்தில் வைத்தால் மீன் வண்டித் தொல்லை இருக்காது, ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் ரோடு காலி என்று யோசனையும் சொன்னார். அக்னி நட்சத்திரத்தில் ஓடச் சொல்கிறார். அவருக்கென்ன, ஏ.சி. இருக்கிறது.

சாப்பாட்டைப் பற்றி ஒரு நர்ஸ் சொல்லாமல் விட முடியாது. ராத்திரியில் வெயில் இல்லையே என்று நினைப்போம். கடலோரக் காற்றில் ஈரம் அதிகம், வேர்வை காயாது, வழிந்துகொண்டே இருக்கும், உப்பும் கூடவே போகும். அதை வெறும் தண்ணீரால் மட்டும் ஈடுகட்டப் பார்த்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து தலை சுற்றலில் தொடங்கி எங்கேயோ போய் நிற்கும். அரசு ஆஸ்பத்திரியில் கொடுக்கிற அதே ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைத்தான் கொண்டு போனேன். லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம் என்று கணக்காகப் போட்டது. எலுமிச்சைக் கலர் தண்ணீர் பாட்டிலுக்கு நூறு ரூபாய் கொடுக்கத் தேவையில்லை. ரெப் பாய் வீட்டிலிருந்து தொதல் கொண்டுவந்திருந்தார். கீழக்கரைத் தொதலைச் சாப்பிட்டவர்களுக்குத் தெரியும், அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்ந்து விரலில் ஒட்டுகிற பதம். ஓடி முடித்தவர் சாப்பிட்டால் அமிர்தம். ஓடப் போகிறவர் சாப்பிட்டால் தேங்காய்ப்பாலின் கொழுப்பு வயிற்றைவிட்டு நகராது. ஃபார்மசிப் பையன் சொல்லச் சொல்லக் கேட்காமல் மூன்று துண்டு தின்றுவிட்டு இறங்கி, தங்கச்சிமடத்தில் யார் வீட்டு வேலியோரமோ வாந்தி எடுத்தான்.

இனி நடத்தியவர்கள். மின்னுகிற ஜாக்கெட்டும் முதுகில் சிவப்பு விளக்கும் இல்லாமல் ஒருத்தரையும் ரோட்டில் இறங்க விடவில்லை, அதற்குக் கும்பிடு. ஆம்புலன்ஸ் இருந்தது. ஆனால் கைமாற்றுகிற பதினோரு இடத்தில் கழிப்பறை இருந்தது மூன்றில். அதிலும் ஒன்று பூட்டிய பெட்ரோல் பங்க். ஆண்கள் பனைமரத்துப் பக்கம் போய்விடுகிறார்கள், பெண்கள் எங்கே போவது? கேட்டதற்கு, "லேடீஸ் இவ்வளவு பேர் வருவாங்கன்னு எதிர்பார்க்கல மேடம்" என்று பதில். பணம் கட்டும்போதே ஆணா பெண்ணா என்று கட்டம் போட்டு எழுதித்தானே வாங்கினீர்கள்!

நானும் தங்கச்சியும் தண்ணீரைக் குறைத்துக் குடிக்கலாமா என்று மெதுவாகப் பேசிக்கொண்டது டிரைவர் காதில் விழுந்திருக்கிறது. உச்சிப்புளி வருவதற்கு முன்னாலேயே யாருக்கோ போன் போட்டார். பதினொன்றே முக்காலுக்கு மெயின் ரோட்டைவிட்டு ஒரு சந்தில் வண்டியை விட்டார். வாசலில் விளக்கைப் போட்டுக்கொண்டு அவருடைய அக்கா நின்றிருந்தார். பின்கட்டில் கழிப்பறை, வாளி நிறையத் தண்ணீர், புது சோப்பு. வெளியே வந்தபோது கருப்பட்டி போட்ட சுக்குக் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தது அந்த அம்மா. "இந்நேரத்துல பொம்பளப் பிள்ளைகள ஓட விட்டிருக்காங்களே, யாரு வீட்டு வேலைடா இது" என்று தம்பியைத்தான் திட்டியது. பன்னிரண்டு நிமிடத்தில் திரும்பிவிட்டோம். ரோட்டில் வாத்தியார் ஓடிக்கொண்டிருந்தார், அவருக்கு விஷயமே தெரியாது.

என் இரண்டாவது துண்டு ராத்திரி இரண்டு மணி ஐந்து நிமிடத்துக்கு. பாம்பன் பாலம் எனக்கு விழுந்தது. சின்ன வயதிலிருந்து பஸ்ஸில் நூறு தடவை போயிருப்பேன், அது மேடு என்று அன்றைக்குத்தான் தெரியும். படகு போக நடுவில் உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள், வழி முழுக்கச் சப்பை ரோட்டில் ஓடிவிட்டு வந்த தொடைக்கு அது மலை. பகலில் செல்ஃபி எடுக்கிறவர்கள் நிற்கிற கைப்பிடிச் சுவரில் பனி கோர்த்து வழிந்துகொண்டிருந்தது. கொஞ்ச தூரத்துக்கு ஒருதரம் பாலத்தின் இணைப்பில் இரும்பு காலுக்குத் தட்டுப்படும், ஒரு லாரி எதிரே ஏறினால் அந்த இரும்பு வழியாகப் பாலம் லேசாக அதிர்வது உள்ளங்காலில் தெரியும். இடது பக்கத்திலிருந்து வாடைக்காற்று. ஜாக்கெட் படபடவென்று அடித்ததில் பின்னால் யாரோ ஓடி வருகிறார்கள் என்று இரண்டு தரம் திரும்பிப் பார்த்தேன். கீழே தண்ணீர் தெரியவில்லை, சத்தம் மட்டும். தூரத்தில் வள்ளங்களின் விளக்கு. 2025 ஏப்ரலில் திறந்த புது ரயில் பாலத்தின் இரண்டு கோபுரமும் 1914-ஆம் வருடத்துப் பழைய பாலமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க, நான் 1988-இல் திறந்த ரோட்டுப் பாலத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். ரோட்டுப் பாலம் வருவதற்கு முன்னால் தீவுக்குள் போக ரயிலைவிட்டால் வள்ளம்தான் என்று டிரைவர் சொன்னது நினைவுக்கு வந்தது. அக்காளின் வீட்டுச் சுக்குக் காப்பியும் நினைவுக்கு வந்தது. மேட்டின் உச்சியைத் தாண்டியதும் கால் தானாக ஓடியது.

வேனின் வண்டவாளம் தெரிந்தது அந்தத் துண்டு முடிகிற அக்காள்மடத்தில். கைப்பட்டையைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு ஓடி வருகிறேன், வாங்க வேண்டிய வாத்தியாரைக் காணோம். வேன் நிற்கிறது. கண்ணாடிக்குள் வாத்தியார் இரண்டு கையாலும் தட்டுகிறார். உப்புக்காற்றில் கதவின் உள்கைப்பிடி துருப்பிடித்து மாட்டிக்கொண்டது, வெளியிலிருந்துதான் திறக்கும். டிரைவர் எதிர்த்தாற்போல் டீக்கடையில். மற்றவர்கள் அடித்துப் போட்ட மாதிரி தூக்கம். நான் ஜன்னல் சந்து வழியாகப் பட்டையை நீட்டினேன், வாத்தியாரும் வாங்கிவிட்டார். அங்கே நின்ற தொண்டர் பையன், "சார் ரோட்டில் நின்று வாங்கணும், வேனுக்குள்ள வாங்கினா செல்லாது" என்கிறான். பட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டு, வேர்வைக் கையால் வெளிக்கைப்பிடியை இழுத்து இழுத்து, வழுக்கி, கடைசியில் டிரைவர் ஓடிவந்து ஒரு உதை விட்டதும் திறந்தது. இரண்டரை நிமிடம் போச்சு. இனி வேன் எடுத்தால் உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்தித் திறந்து பார்க்காமல் முன்பணம் கொடுக்க மாட்டேன். நெருப்புப் பிடித்தால் என்ன ஆகும் என்று யோசித்தது அடுத்த நாள்தான்.

மூன்று மணியிலிருந்து ஐந்து மணி வரைக்கும் யாரும் பேசவில்லை. உடம்புச் சூடு மிகக் குறைவாக இருக்கிற நேரம் அது, வார்டிலும் அந்த நேரத்தில்தான் நாங்கள் கம்பளி தேடுவோம். பேய்க்கரும்பில் கலாம் நினைவிடம் போனது, ராமேஸ்வரம் போனது, எதுவும் மனதில் ஒட்டவில்லை.

புதுரோடு சோதனைச்சாவடியில் பந்தயமே நின்றது. தனுஷ்கோடிக்குள் ராத்திரியில் யாரையும் விடுவதில்லை, விடிந்த பிறகுதான். ஐந்து இருபத்தைந்துக்கு ரெப் பாய் ஓடி வந்து சேர்ந்தார், கடிகாரத்தை நிறுத்திக் குறித்துக்கொண்டார்கள். முன்னே வந்த டீம்களும் அங்கேதான் நின்றன. ராத்திரி முழுக்க நாங்கள் துரத்திய சிவப்பு விளக்குகளெல்லாம் கொட்டாவி விட்டுக்கொண்டு டீ குடிப்பதைப் பார்க்க ஆறுதலாக இருந்தது. பாய் முகம் கழுவி, என் மெக்கிண்டாஷ் ஷீட்டில் ஒன்றை மணலில் விரித்து, மேலே துண்டைப் போட்டு பஜ்ர் தொழுதார். ஆறு மணிக்கு மறுபடி விட்டபோது அவர் கால் நன்றாக இறுகியிருந்தது. முதல் ஒரு கிலோமீட்டரை நொண்டிக்கொண்டே ஓடினார்.

ஒரு பக்கம் அமைதியான பெண்கடல், ஒரு பக்கம் அலையடிக்கிற ஆண்கடல். கம்பிப்பாடு தாண்டிச் சூரியன் வந்தது. ஏழு பத்துக்கு ஃபார்மசிப் பையன் அரிச்சல்முனைத் தூணைத் தொட்டான். வயிற்றில் ஒன்றுமில்லாததால் வேகமாக ஓடினேன் என்று அவனே சொன்னான்.

வேனுக்கு ஐந்துக்கு மூன்று கொடுக்கிறேன். கதவுக்கு ஒன்று, சார்ஜருக்கும் உள்லைட்டுக்கும் சேர்த்து ஒன்று குறைத்தேன். ஓட்டத்துக்கு மூன்றரை. கழிப்பறை போட்டுவிட்டு அடுத்த வருடம் கூப்பிட்டால் நாலு. திரும்பி வந்ததும் டிராவல்ஸ் முதலாளி சீட்டைத் தடவித் தடவிப் பார்த்தார், ஈரம் இல்லை. கீழே குனிந்து பார்த்து, மணல் கூட்ட 200 ரூபாய் கேட்டார். கதவைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் விட்டுவிட்டார்.

அந்த டிராவல்ஸில் வேன் மூன்று, டிரைவர் நாலு பேர். பெயர் சொல்லிக் கேட்டால், "யார் ஃப்ரீயோ அவங்க வருவாங்க" என்பார்கள். அதனால் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் டிரைவரைப் போனில் கொடுக்கச் சொல்லுங்கள். நடக்கிற வேண்டுதலா, ஓடுற வேண்டுதலா என்று கேட்டால் அவர்தான், பணத்தைக் கட்டிவிடலாம்.